தகடு வச்ச பூட்ஸ்

— புது பூட்ஸை ரம்பத்தால அறுத்து எடுத்துட்டு வந்து நியாயம் கேட்டா எப்படிம்மா? அறுத்த சாமானை எந்தக் கடைக்காரன் திருப்பி வாங்குவான்?

— அறுக்காம உள்ள இருக்கறது தெரியுமாண்ணே? முன்பக்கம் இரும்புத் தகடுன்னு சொல்லி வித்தீங்க. இது என்னோட ஜோடி, விரலை விட்டுப் பாருங்க. பிளாஸ்டிக். சோப்பு டப்பா இதைவிடக் கெட்டியா இருக்கும்.

— பில்லை எடு. என்ன போட்டிருக்கு? பூட்ஸ், ரெண்டு ஜோடி. இரும்புன்னு எங்கயாவது இருக்கா?

— பில்லுல இல்ல. உங்க வாயில இருந்துச்சு. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் இரும்புக் குடோன்ல சுமை தூக்கறோம், கம்பி விழுந்தா விரல் தப்பணும்னு சொல்லித்தானே கேட்டேன்? தகடு இரும்பு, லாரி ஏறினாலும் நசுங்காதுன்னீங்க. அந்தப் பேச்சை நம்பித்தான் வாங்கினேன். வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான்.

— ஏம்மா, வியாபாரம்னா நாலு வார்த்தை கூடத்தான் வரும். அதையெல்லாம் பிடிச்சுக்கிட்டுத் தொங்குவியா?

— லாரியை விட்டுடறேன். அது வியாபாரப் பேச்சு, எனக்கும் தெரியும். இரும்புன்னது அப்படி இல்ல. ஒண்ணு இரும்பா இருக்கணும், இல்லாட்டி இல்லைன்னு சொல்லியிருக்கணும்.

— சரி, பில்லைத் திருப்பு. விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது. படிக்கத் தெரியும்ல?

— நல்லாவே தெரியும். நீங்க அதை எப்பக் குடுத்தீங்க? பணத்தை வாங்கி டிராயர்ல போட்டுட்டு, அப்புறமா நாலா மடிச்சுக் குடுத்தீங்க. பேரம் முடிஞ்சப்புறம் நீட்டற நிபந்தனை என்னைக் கட்டாது. முதல்லயே காட்டியிருந்தாலும், மனசு மாறித் திருப்பறவங்களுக்குத்தான் அது செல்லும். சொன்னது ஒண்ணு, குடுத்தது ஒண்ணுன்னா செல்லாது.

— யாரு இதெல்லாம் ஓதி விட்டது? வக்கீலா?

— எங்க சுமைதூக்கற சங்கத்து ஆபீஸ்ல எழுத்து வேலை பாக்கற அக்கா. காலைல அரை மணி நேரம் உக்கார வச்சுச் சொன்னாங்க.

— அப்ப அந்த அக்காவையே கம்பெனிக்கு எழுதச் சொல்லு. நானா தைச்சேன்? டப்பால வந்துச்சு, டப்பாலயே குடுத்தேன்.

— கம்பெனிக்காரன் மூஞ்சியை நான் பாத்ததில்ல. கேட்டது உங்ககிட்ட, பணம் வாங்கினது நீங்க. அவங்களோட நீங்க மல்லுக்கட்டறது உங்க பாடு.

— விட மாட்ட போல. ஆளுங்க வர்ற நேரம். வேற கம்பெனி பூட்ஸ் ரெண்டு ஜோடி தர்றேன், எடுத்துட்டுக் கிளம்பு தாயே.

— பூட்ஸ் வேண்டாம். எழுதிக் குடுங்க.

— எதை?

— இரும்புத் தகடுன்னு சொல்லி வித்தேன், அறுத்துப் பாத்ததுல பிளாஸ்டிக். ரெண்டு ஜோடியும் ஒரே சரக்கு. தேதி, கடை சீல், கையெழுத்து.

— பணத்தையே தர்றேன்னாலும் வேண்டாமா?

— அதைப் பிறகு பேசலாம். பேப்பர் இல்லாம நான் நகர மாட்டேன். நீங்க பாட்டுக்கு யாவாரத்தைப் பாருங்க, இந்த பூட்ஸை மேஜை மேல வச்சுக்கிட்டு நான் இங்கயே உக்காந்திருக்கேன். வர்றவங்களும் பாக்கட்டும்.

— அதைக் கீழ இறக்கும்மா முதல்ல. குடு பேனாவை. ஒரு செருப்புச் சமாச்சாரத்துக்கு இவ்வளவு பிடிவாதம் பிடிச்ச ஆளை நான் பாத்ததே இல்ல. இந்தா, சீலும் குத்தியாச்சு. திருப்திதானே?

— இருங்க, படிச்சுக்கறேன். ம். தேதி சரியா இருக்கு.

— இப்பவாவது சொல்லு. இதை வச்சு என்னதான் பண்ணப் போற? கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவத்துல மாட்டப் போறியா?

— ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போறேன். நேத்து அவர் கால்ல கம்பிக் கட்டு சரிஞ்சு மூணு விரலை எடுத்துட்டாங்க. பூட்ஸ் நல்ல பூட்ஸ்தான், அவர்தான் ஒழுங்கா மாட்டலைன்னு சொல்ல குடோன்காரன் அங்க உக்காந்திருக்கான்.