முட்டி தனியாகப் போன கிரிவலம்

"என் முட்டி மட்டும் தனியா கிரிவலம் போய்ட்டு வந்துச்சுக்கா."

வேங்கிக்காலில் இருந்து டவுனுக்குப் போகும் பஸ்ஸில், முன்சீட்டு அம்மா பக்கத்தில் இருந்தவரிடம் இப்படிச் சொன்னதும் நான் போனைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

"என்னடி சொல்ற?"

"முட்டி ஆபரேஷன் பண்ணி ரெண்டு மாசம் ஆச்சுல்ல, ஒரு பட்டை கட்டிவுட்டிருக்காங்க. எவ்ளோ நடக்கிறேன், எப்படி நடக்கிறேன்னு ஏஐ பாத்துக்கினே இருக்கும். நடக்கலன்னா போன்ல திட்டும்."

"நடக்க வேண்டியதுதானே?"

"சோம்பல்க்கா. பௌர்ணமிக்கு எங்க வூட்டுக்காரர் கிரிவலம் கிளம்பினாரு. பட்டைய அவரு முட்டியில கட்டிவுட்டுட்டேன். புண்ணியம் அவருக்கு, நடை எனக்குன்னு."

"அடிப்பாவி! அப்புறம்?"

"மறுநாள் ஆஸ்பத்திரில இருந்து போன். ஏஐ சொல்லுதாம், முட்டி மடங்கவே இல்ல, காலை இழுத்து இழுத்து நடந்திருக்கீங்க, உடனே வாங்கன்னு. எனக்கு வலியே இல்லக்கா! திரும்பிப் பாத்தா, இவரு கட்டில் ஓரமா உக்காந்து முட்டிக்குத் தைலம் தடவிக்கினு இருக்காரு. எத்தினி மாசமா வலியோ, மூச்சு வுடல."

"கேட்டியா?"

"மிஷின் தப்பா சொல்லுதாம்."

ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் அந்த அம்மா கம்பியைத் தொடாமலே இறங்கினார். கடைசி சீட்டில் இருந்து எழுந்து வந்த வேட்டிக்காரர் இரண்டு கம்பியையும் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி காத்திருந்தார். அந்த அம்மா கீழே இருந்து கை கொடுத்தார்.

"எனக்கு ஒண்ணும் இல்ல," என்றார் வேட்டிக்காரர் கண்டக்டரிடம். "சும்மா துணைக்கு வந்தேன்."