வாசிக்காத பந்தி

பத்தொன்பது நாட்கள் அந்தக் கடிதம் என் தாவரவியல் புத்தகத்துக்குள் இருந்தது. நீங்கள் சவூதியிலிருந்து வந்ததும் அதைத்தான் கேட்டீர்கள், மச்சான். உங்கள் முன்னால் நின்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆகவே எழுதுகிறேன்.

உங்கள் மனைவி, என் நதீரா ராத்தாவுக்கு லண்டனில் ஈரல் மாற்றி ஒரு வருடமாகியிருந்தது. கொழும்பில் எடுத்த ஸ்கேன் படத்தை அங்கே அனுப்பியிருந்தோம். அதற்கு வந்த பதில்தான் அந்தக் கடிதம். வீட்டில் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

"என்னவாம் புள்ள?" என்றார் வாப்பா.

"ஈரல் நல்லா வேல செய்யுதாம்."

"வெள்ளக்காரன்ட ஈரல்தானே. லீவு கேக்காம வேல செய்யும்," என்றார் ராத்தா. எல்லாரும் சிரித்தோம். மௌலூது ஓதி நேர்ச்சைச் சோறு கொடுக்க உம்மா நாள் பார்த்தார்.

நான் பொய் சொல்லவில்லை. முதற் பந்தியில் அப்படித்தான் எழுதியிருந்தது. அதோடு நிறுத்திக்கொண்டேன்.

ஈரலுக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடி சுருங்கியிருக்கிறது என்றது இரண்டாம் பந்தி. பதினான்கு நாட்களுக்குள் வந்தால், நுனியில் சிறு பலூன் உள்ள குழாயைச் செலுத்தி நாடியை விரிக்கலாம். அடைத்துவிட்டால் ஈரல் செத்துவிடும்.

முதல் லண்டன் பயணத்துக்குச் சாகாமத்திலிருந்த எங்கள் வயல் விலைபோயிருந்தது. மிச்சம், எனக்காகக் கட்டிக்கொண்டிருந்த வீடு. இங்கே வீடில்லாத பெண்ணுக்கு மாப்பிள்ளை வராது என்பது உங்களுக்குத் தெரியும். வாப்பா யோசிக்காமல் அதை விற்றிருப்பார். என் பட்டப் பரீட்சை முடிவு வந்த நாளில்கூட அவர் கேட்டது, "ராத்தாக்கு மருந்து குடுத்தியா?" என்றுதான்.

பன்னிரண்டாம் நாள் ராத்தாவுக்குக் காய்ச்சல் வந்தது. கண்கள் மஞ்சளாயின. கல்முனையிலிருந்து வந்த டொக்டர் தன் கையில் ஒன்றுமில்லை என்றார். வாப்பா வாசலுக்கும் கட்டிலுக்குமாக நடந்தார்.

"தங்கச்சி, கடிதத்துல வேற ஒண்டும் எழுதல்லியா?"

"இல்ல ராத்தா."

என் கையைப் பிடித்தபடி தூங்கினார். நெற்றியில் ஈரத்துணி போட்டேன், கஞ்சி ஊட்டினேன். கவனிப்பில் ஒரு குறையும் வைக்கவில்லை. பத்தொன்பதாம் நாள் லுஹர் தொழுகைக்கு முன் மூச்சடங்கி மௌத்தானார்.

வீட்டுக்காகத்தான் செய்தேன் என்று இத்தனை நாள் எனக்கே சொல்லி வந்தேன். மூன்றாம் பந்தி ஒன்றும் இருந்தது, மச்சான். பயணச் சீட்டும் வைத்தியச் செலவும் அந்த ஆஸ்பத்திரியின் உதவி நிதியே ஏற்கும், குடும்பத்தார் எதுவும் தர வேண்டியதில்லை என்று எழுதியிருந்தார்கள்.

அதையும் முதல் நாளே வாசித்துவிட்டேன்.