கையில் இருந்த பெட்ரோல்

சிங்கப்பூரில், ஆங் மோ கியோ போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஓர் இளம் தம்பதி. லிட்டில் இந்தியாவில் காய்கறிப் பைகளோடு ஏறிய ஆன்ட்டி ஒருவர் அவர்களுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பேச்சுக் கொடுத்துவிட்டு, "லவ் மேரேஜா?" என்று கேட்டார்.

"இவர் கையில பெட்ரோல் இருந்துச்சு ஆன்ட்டி, அதனால வந்த கல்யாணம்," என்றாள் அந்தப் பெண்.

நான் இயர்போனைக் கழற்றிவிட்டேன்.

"பழைய பெட்ரோல் ஸ்டேஷனை மூடினா, தரைக்கடியில இருக்கிற டேங்க் ஒழுகியிருக்கான்னு பாக்கணும்," என்றான் கணவன். "நான் அங்க மண்ணும் தண்ணியும் எடுத்து அனுப்புவேன். இவ லேப்ல டெஸ்ட் பண்ணுவா. ஒரு தடவை எல்லாத்துலயும் பெட்ரோல். இடத்தையே தோண்டணுமேன்னு எங்க பாஸ் தலையில கை வச்சுட்டார்."

"ஒப்பிட்டுப் பாக்க, அந்த இடத்துத் தண்ணி கலக்காத சுத்தமான தண்ணியும் ஒரு பாட்டில்ல இவர் கூட அனுப்பணும்," என்றாள் அவள். "அதுலயும் பெட்ரோல். எப்படி லா? போன் போட்டு, காலையில பைக்குக்குப் பெட்ரோல் ஊத்தினீங்களான்னு கேட்டேன்."

"ஊத்தினேன். அதே கையோட எல்லா பாட்டிலையும் தொட்டுட்டேன். அடுத்த தடவை பஸ்ல போய், புது கிளவுஸ் போட்டு எடுத்தேன். மண்ணு சுத்தம்னு மெயில் வந்துச்சு. உடனே இவ போனும் பண்ணா."

"மெயில்தான் அனுப்பிட்டியேம்மா, அப்புறம் எதுக்குப் போன்?"

அவள் சிரித்தாள்.

"நல்ல ரிசல்ட், ஆன்ட்டி. இவர் சந்தோஷப்படறது மெயில்ல கேக்காதே."