மாமரத்தை மிரட்டிய மத்தியானம்

– பாத்து ஏறுங்க... அந்தக் கிளையில கால வைக்காதீங்க, முறிஞ்சிடும்!

– முறிஞ்சா முறியட்டும் ரோசாலி. பத்து வருஷமா ஒரு காய்கூடக் காய்க்காத மரத்துக்குக் கிளை எதுக்கு?

– பூரோவுல மேசை முன்னால ஒக்காந்து பேனா பிடிக்கிற மனுஷன் இந்த உச்சி வெயில்ல மரம் ஏறணுமா?

– நானா ஏறுறேன்னேன்? எல்லாம் பக்கத்து வீட்டு வியத்நாம்காரி பா ஹாய் பண்ணின வேலை. அவங்க ஊரு கணக்குல அஞ்சாம் மாசம் அஞ்சாம் நாள் மத்தியானம், ஒருத்தர் மேல ஏறி மரமாட்டம் பேசணும், ஒருத்தர் கீழ கத்தியோட மிரட்டணும், அப்பத்தான் காய்க்கும்னு... அதோ பாரு, மதிலுக்கு மேல மொகத்த வச்சிக்கிட்டு நிக்கிறா.

– நல்லா சிரிக்கிறா. கறி வெட்டுற கத்தியோட நிக்க எனக்கு வெக்கமா இருக்கு.

– என்னை மிரட்ட உனக்கு என்ன வெக்கம்? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து பண்றதுதான.

– வாய மூடுங்க... ஏ மாமரமே! காரைக்கால்லேர்ந்து கொட்டையா கப்பலேறி வந்த மரமே! ஏன் காய்க்க மாட்டேங்கிற?

– தண்ணி பத்தலீங்கம்மா.

– பொய்யி! தெனம் ரெண்டு கொடம் ஊத்துறேன்.

– கத்தரிக்கும் பாவக்காக்கும் ஊத்துறீங்க. என்னை யாரு கண்டா...

– என் பாவக்கால கண்ணு வைக்காதீங்க! சைகோன்ல இருக்கிற பாதித் தமிழாளுங்க நம்ம கொல்லையத்தான் நம்பிக் கெடக்காங்க. பள்ளிவாசல் தெரு நஸீம் பானு கறிவேப்பிலைக்கு ஆளனுப்பாத வெள்ளிக்கெழம உண்டா?

– நாம வந்தப்ப இங்க என்ன இருந்திச்சு? ஒடஞ்ச செங்கல்லும் ஓட்டுச் சில்லும்...

– அதப் பொறுக்கியே கையெல்லாம் கொப்புளம். நீங்க ஆத்தோரத்து மண்ண சீக்ளோ ரிக்ஷாவுல ஏத்திக்கிட்டு வந்தீங்க. வண்டிக்காரன் மல்லுக்கு நின்னான்...

– மொத வெண்டைக்காயப் பறிச்சப்ப நீ அழுத.

– யாரு அழுதா? வெங்காயம் நறுக்கினேன்.

– மூணு வருஷத்துக்கு முன்ன ஊரெல்லாம் துப்பாக்கிச் சத்தம் கேட்டுச்சே, அன்னிக்கு அந்த வெண்டைப் பாத்தியிலதான் படுத்துக் கெடந்தோம். ராஜ்யமே கவுந்துக்கிட்டு இருக்கு, செடி நசுங்குதுன்னு என்னைப் பொரட்டித் தள்ளின...

– ...அதெல்லாம் இப்ப எதுக்கு. மரம் பேசணும், நீங்க பேசக் கூடாது.

– சரி, மரமே கேக்குது. ஐயாவோட அண்ணன்கிட்டேர்ந்து கடுதாசி வந்துச்சாமே?

– வந்துச்சு. வருஷா வருஷம் எழுதுறதுதான். "தம்பி அகுஸ்தேன், மரம் காய்ச்சுதா? எப்ப வர்றீங்க?"

– ம்... மொதப் பழத்த நம்மூரு மாதா கோயில்ல கொண்டாந்து வைக்கிறேன், அதோட ஊர்லயே தங்கிடறேன்னு அண்ணன் முன்னால நேந்துக்கிட்டுல்ல கப்பல் ஏறினேன்.

– தெரியும். காய்ச்ச வருஷமே மூட்ட கட்டணும். அதுக்குத்தான மிரட்டுறேன்.

– எங்க மிரட்டுற? கத்தி இன்னும் மரத்துல படவே இல்ல. மூணு தட்டு தட்டணும்னு பா ஹாய் கத்துறா பாரு.

– கை... வேர்த்து வழுக்குது.

– ரோசாலி.

– என்ன.

– "அடுத்த வருஷம் கட்டாயம் காய்க்கிறேன்"னு மரம் இப்ப வாக்குக் குடுக்கணும். குடுக்கட்டுமா?

– ...வேணாங்க.

– ஏன்?

– வேணாம்னா வேணாம். எறங்கி வாங்க. மரத்து மேல குத்தமில்ல... நாலு வருஷமா அது மார்கழியில பூக்குது. நீங்க பூரோவுக்குப் போனதும் நான்தான் கொத்துக் கொத்தாக் கிள்ளிக் குப்பையில போட்டேன். இந்தக் கொல்லைய விட்டுட்டுப் போக எனக்கு மனசு வரலங்க. மாதா என்னை மன்னிக்க மாட்டா. நீங்களும்...

– இரு, இரு. உன் கைக்கு எட்டின கொத்தத்தான கிள்ளின?

– ஆமா. மேல ஏற எனக்குத் தெரியுமா என்ன?

– அப்ப உச்சிக் கிளையில பூத்ததெல்லாம் எங்க போச்சுன்னு நினைச்ச? நாலு வருஷமா, ஞாயித்துக்கெழம நீ மொதப் பூசைக்குக் கெளம்பினதும் நான்தான் ஏறிக் கிள்ளுறேன்.