ஏழு நாளில் மறையும்

ஞாயிறு ஆராதனை முடிந்து, கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகும் டவுன் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் சொன்னது காதில் விழுந்தது.

“நான் சாவப் போறேன்னு நெனச்சி ஓடியாந்துட்டாருக்கா.”

“பெங்களூர்ல இருக்கற உன் வூட்டுக்காரரா? ரெண்டு பேரும் பேசறதில்லன்னியே.”

“ஒரு மாசமா பேச்சே இல்ல. சண்டைன்னா போதும், நான் எப்பவோ அனுப்புன மெசேஜைத் தேடி எடுத்துக் காட்டுவாரு. அதான் இனிமே அனுப்பறது ஏழு நாள்ல தானா அழியற மாதிரி வெச்சேன். செய்திகள் ஏழு நாளில் மறைந்துவிடும்னு அவரு போன்ல வந்திருக்குது.”

“வந்தா இன்னா?”

“பாதிதான் படிச்சிருக்காரு, மேல என் பேரு, கீழ ஏழு நாளில் மறைந்துவிடும்னு. மறையறதுன்னா அவருக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்தான் தெரியும். மறுநாள் காலைல வாசல்ல நின்னுக்கினு அழுவுறாரு.”

“அடிப்பாவி. நீ இன்னா பண்ண?”

“நானும் அழுதேன். அப்புறம் தோசை ஊத்தினேன்.”

மூத்தவள் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரமானது. “இப்ப அத எடுத்துட்டியா?”

“இல்லக்கா. ஏழு நாள ஒரு நாளா கொறச்சிட்டேன்.”

அவர்கள் இறங்கியதும், அந்தப் புருஷன் பெண்சாதிக்காக மனதுக்குள் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டேன்.