புது லிஃப்ட்

என்ன சார், மறுபடியும் அதே பட்டனா? அமுக்குங்க, அமுக்குங்க. மணி அடிக்காது. மூணாவது மாடிக்கும் நாலாவதுக்கும் நடுவுல நின்னுட்டா, நாம கத்தறது யார் காதுலயாவது விழுந்தாத்தான் உண்டு. பயப்படாதீங்க, கதவிடுக்குல காத்து வருது பாருங்க.

அஞ்சாவது மாடிக்குத்தானே? எங்க ஆபீசேதான். சர்க்கார் பட்ஜெட்டை வரிவரியா அலசி அறிக்கை போடற இடம். கட்டடம் உங்க இலாகாவோடது, நாங்க வாடகைக்கு இருக்கோம். வாய் மட்டும் சொந்தம்.

நானா? பத்தாவது சார், கிராமத்துப் பள்ளிக்கூடம். டைப் அடிக்கறேன். பட்ஜெட் வந்துட்டா வேற வேலை. போன வருஷப் புத்தகத்தையும் இந்த வருஷத்தையும் தரையில விரிச்சு வெச்சு நான் சத்தமா வாசிக்கணும், எங்க ஐயா டிக் அடிப்பார். பத்து நாளா வாசிச்சுத் தொண்டை கட்டிடுச்சு, கேக்கறீங்கல்ல? வீட்டுல என் பொண்ணுக்கும் இதான் தாலாட்டு. ரெண்டு பக்கம் தாண்டாது, தூங்கிடும்.

அப்படி வாசிக்கறப்பதான் அந்த வரி வந்துச்சு. இந்தக் கட்டடத்துக்குப் புது லிஃப்ட், வேலை முடிஞ்சது. போன வருஷமும் அதே வரி, அதே தொகை! குழந்தைக் காப்பகம் லீவுன்னா புள்ளையை இடுப்புல வெச்சுக்கிட்டு அஞ்சு மாடி ஏறறவ சார் நான். விட்டுடுவேனா? ஐயாகிட்டக் காட்டி, எங்க அறிக்கையில போட வெச்சுட்டேன். இந்தப் பழைய லிஃப்ட் மாசத்துல நாலு நாள் ஓடும். இன்னிக்கு ஓடுதேன்னு நம்பி ஏறினேன்.

ஏன் சார் இப்படி வேர்க்குது? ஓ... வேலை முடிஞ்சதுன்னு ரெண்டு வருஷமும் உங்க கையெழுத்தா? வந்து பாக்காமலேவா? அட கடவுளே. நீங்க கையெழுத்துப் போட்ட லிஃப்டுல ஏறியிருந்தா இந்நேரம் மேல போய்ச் சேர்ந்திருப்பீங்க.

கையில இருக்கற நோட்டீஸ் கவரை மறைக்காதீங்க. காலையிலயே உங்க ஆபீசுலேர்ந்து போன் வந்துடுச்சு. அறிக்கையிலேர்ந்து அந்த வரியை எடுக்கணும், கண்டுபிடிச்ச ஆளை வேலையை விட்டுத் தூக்கணும், இல்லேன்னா இடத்தைக் காலி பண்ணணும். எங்க ஐயா அந்த ஆள் பேரைச் சொல்ல மாட்டேன்னு பிடிவாதமா இருக்கார். இந்த ஆபீசை நம்பியிருக்கற ஆறு குடும்பம் தெருவுக்கு வரணுமா? நானே சொல்லிடலாம்னுதான் உங்க பின்னாடியே ஓடிவந்து ஏறினேன். என் பேரை எழுதிக்கோங்க. வரி மட்டும் அப்படியே இருக்கட்டும்.

மணி என்ன சார்? ஆறாகப் போகுதா? காப்பகத்தைப் பூட்டிடுவாங்களே, பொண்ணு வாசல்லயே நிக்கும். எனக்குக் குரல் எழும்பல. நீங்க கதவிடுக்குல வாயை வெச்சு, கீழ கேக்கற மாதிரி ஒரே ஒரு தடவ கத்துங்க சார், இந்த லிஃப்ட் ஓடலன்னு.