பச்சை வரி

எனக்குப் பச்சை நிறம் பிடிக்கும், ஐயா. சோதனை ஓடி முடிந்து திரையில் பச்சை வரி வந்தால் அன்றைக்கு நன்றாகச் சாப்பிடுவேன். பூட்டிய கதவைத் திரும்பப் போய் இழுத்துப் பார்க்கிற ஆள் நான். என்மேலேயே எனக்கு நம்பிக்கை குறைவு. அதனால்தான் மாலைநேரக் கணினி வகுப்பில் சோதனை வேலையை எனக்குக் கொடுத்தார்கள்.

கருவியை எழுதியது அக்கா. இருவரும் ஒரே வகுப்பு. ஒரு நிரல் ஓடும்போது நினைவகத்தில் எங்கே படிக்கிறது, எங்கே எழுதுகிறது என்று அதன் பின்னாலேயே போய்க் குறித்துக்கொள்ளும் கருவி அது. அம்மா அக்கம்பக்கத்தில் சொன்னதும், வாத்தியார் மற்ற மாணவர்களிடம் சொன்னதும் அக்காவின் பெயரைத்தான். "உன் தம்பியும் கூட இருக்கான்ல" என்று ஒருவர் கேட்டாராம். அக்கா சிரித்துக்கொண்டே வீட்டில் வந்து சொன்னாள். நானும் சிரித்தேன்.

கட்டளைகளை வரிசையாக ஓட்டுகிற என் ஷெல் நிரல், விடை தெரிந்த சின்னச் சின்ன நிரல்களைக் கருவியிடம் கொடுக்கும். கருவியின் குறிப்பு நம் விடையோடு ஒத்துப்போகாவிட்டால் சிவப்பு வரும். ஒரு நிரலுக்குள் இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் ஓடினால், இரண்டாவது வேலை எழுதுவதைக் கருவி தவறவிட்டது. சிவப்பு வந்தது. மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன். சிவப்புதான்.

அக்காவிடம் சொல்லக் கிளம்பினேன். அவள் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். மருந்தைச் சொட்டுச் சொட்டாக இறக்கும் இயந்திரம் செய்கிற தொழிற்சாலை, தன் நிரலைச் சரிபார்க்க அவள் கருவியைக் கேட்டிருந்தது. கூடவே அவளுக்கு வேலையும். நான் திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

ஒப்பிடும் கட்டளையின் வெளியீட்டை, கோப்பில் எழுதும் இன்னொரு கட்டளைக்குத் திருப்பிவிட்டேன். அப்படிச் செய்தால் ஷெல் கடைசிக் கட்டளையின் பதிலைத்தான் கேட்கும். கோப்பில் எழுதுவதற்கு என்ன கவலை, அது எப்போதும் சரி என்றே சொல்லும், திரையில் பச்சை வரும். புதிதாகக் கற்பவர்கள் தெரியாமல் செய்கிற தவறு அது. நான் தெரிந்து செய்தேன். பழைய நிரலை அழிக்கவில்லை, சிவப்பு வந்த முடிவோடு தனியாக வைத்துக்கொண்டேன்.

"எல்லாம் பச்சையா வருதேடா. நெஜமாவா?" என்றாள் அக்கா.

"நான் எழுதினதுல சந்தேகமா?"

"உன்மேல என்னடா சந்தேகம். ஒரு புள்ளி விட்டுப்போனாலும் உனக்குச் சோறு எறங்காதே."

தொழிற்சாலையில் எல்லார் முன்னாலும் கருவி தடுமாறும், அவள் முகம் சுருங்கும், நான் பழைய நிரலோடு போய் நிற்பேன். அவ்வளவுதான் நினைத்தேன். ஆனால் அங்கே யாரும் சந்தேகப்படவில்லை. என் பச்சை வரிகளைப் பார்த்தே கையெழுத்துப் போட்டார்கள். இயந்திரங்கள் மருத்துவமனைகளுக்குப் போவதாக அக்கா சொன்னபோது நான் சட்டை மடித்துக்கொண்டிருந்தேன். தொடர்ந்து மடித்தேன்.

ஒரு மருத்துவமனையில், இயந்திரத்தின் திரையில் எண்ணைக் காட்டும் வேலை, நினைவகத்தில் சொட்டின் வேகம் இருந்த இடத்தில் எழுதிவிட்டது. ஒரு பேருந்து ஓட்டுநருக்கு நாளெல்லாம் இறங்க வேண்டிய மருந்து ஒரே மூச்சில் இறங்கியது. உயிர் போகும்போது அவர் மனைவி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாராம்.

அக்கா சாப்பாட்டைத் தொடவில்லை. தப்பு தன்னுடையது என்று எல்லாரிடமும் சொன்னாள். என் சோதனையைக் குறை சொல்ல யாரையும் விடவில்லை. அவள் அழுததை நான் பார்த்தேன். அப்போதும் உங்களிடம் வரவில்லை.

பிறகு அவளே உட்கார்ந்து கருவியைப் பிரித்துப் போட்டு அந்தப் பிழையைப் பிடித்தாள். தொழிற்சாலைப் பொறியாளர் வீட்டுக்கே வந்தார். "இவ்வளவு நுணுக்கமான தப்ப வேற யாராலயும் கண்டுபிடிச்சிருக்க முடியாதும்மா" என்றார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளைப் பெருமையாகப் பார்த்தாள். மறுநாள் காலையில் பழைய நிரலை எடுத்துக்கொண்டு இந்தக் காவல் நிலையத்துக்குக் கிளம்பி வந்தேன்.

மனசாட்சி உறுத்தியதால் வந்தேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. ஆனால் அந்தப் பழைய நிரலின் தேதியையும் சேர்த்து எழுதுங்கள். பிழையை முதலில் கண்டுபிடித்தது நான்.